உப்பளத்து நீரும் ஒற்றை மூலக்கூற்றுப் படலமும்

ஆனையிறவில் ஏ-9 வீதி ஒடுங்கிய நிலத்துண்டொன்றைக் கடந்து வன்னிப் பெருநிலத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டோடு சேர்க்கிறது. பெயரைச் சொன்னதும் 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளின் சண்டைகளே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊரின் பிழைப்பு நெடுங்காலமாக நீர் ஆவியாவதில்தான் தங்கியிருக்கிறது. 1930களின் இறுதியில் தொடங்கிய உப்பளம் 1990இல் போரால் நின்றது. போர் முடிந்தபின் பாத்திகள் மீண்டும் சீரமைக்கப்பட்டன; 2025 மார்ச்சில் மேசை உப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. வெயிலும் காற்றும் நீரை எவ்வளவு விரைவாகக் கொண்டுபோகின்றனவோ அவ்வளவுக்கு அங்கே உப்பு விளையும்.

இதே இடத்தில் இதற்கு நேர்மாறான ஓர் ஆசையும் உண்டு. வீதிக்குக் கிழக்கே ஆனையிறவுக் கடல்நீரேரி விரிகிறது. இரணைமடுக் குளத்துக்கு நீர் தரும் கனகராயன் ஆறு கடைசியில் வந்து சேர்வது இங்கேதான். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம், இந்த ஏரியைக் கடலிலிருந்து பிரித்து நன்னீர்த் தேக்கமாக்கி, முள்ளியான் பக்கமாக வெட்டும் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடல்நீரேரிக்கு நீரைக் கொண்டுபோக நினைத்தது. வேலைகள் தொடங்கின, முழுமை பெறவில்லை; பேச்சு இன்றுவரை ஓயவுமில்லை. அந்தத் தேக்கம் என்றாவது நிரம்பினால், அதன் நீரைக் குடிக்கும் முதல் ஆள் சூரியனாகத்தான் இருக்கும். அங்கே ஆவியாதலைத் தடுத்தாக வேண்டும்.

உப்பளமும் ஏரியும் கேட்பவை எதிரெதிரானவை. ஆனால் இரண்டுக்கும் பதில் சொல்லும் இடம் ஒன்றுதான்: வளியும் நீரும் தொட்டுக்கொள்ளும் மேற்பரப்பு. அங்கே ஒரு மூலக்கூறு தடிப்பில் ஒரு படலம் இருக்கிறதா இல்லையா, இருந்தால் அது எப்படிப்பட்டது என்ற கேள்வியைச் சுற்றி ஏறத்தாழ 250 ஆண்டுகால ஆராய்ச்சி இருக்கிறது. அதை ஆனையிறவின் கண்ணால் பார்த்தால் சில விடயங்கள் வேறு வரிசையில் தெரிகின்றன.

குளத்திலிருந்து சமையலறைக்கு

இலண்டனின் கிளாப்பம் பகுதியில் ஒரு பெரிய குளம். அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின் அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றினார். அலை அடங்கி, ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பு கண்ணாடி போல் ஆனதாக 1774இல் வெளியான கட்டுரையில் எழுதினார். அதே கட்டுரையில் பலரும் தாண்டிப் போகும் ஒரு சிறு தகவலும் உண்டு. முதலில் அவர் எண்ணெயை ஊற்றியது காற்று போய்ச் சேரும் கரையில். எண்ணெய் பரவவில்லை, காற்று அதைக் கரையிலேயே ஒதுக்கிவிட்டது. பிறகு காற்று வரும் பக்கத்துக்குப் போய் ஊற்றியபோதுதான் பரவியது. மேற்பரப்புப் படலங்களைப் பற்றிய முதல் பாடமும் ஆனையிறவுக்கான கடைசிப் பாடமும் இந்தத் தகவலில் அடங்கியிருக்கின்றன.

பிராங்கிளின் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் எளிது. ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். அரை ஏக்கர் ஏறத்தாழ 2,000 சதுர மீற்றர். கனவளவைப் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் தடிப்பு 2.5 நானோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. கொழுப்பு மூலக்கூறு ஒன்றின் நீளமும் அவ்வளவுதான். மூலக்கூறு என்ற ஒன்று உண்டா என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலத்திலேயே அதன் அளவு ஒரு குளத்தில் தெரிந்திருக்கிறது.

இந்தக் கணக்கை இங்கிலாந்து விஞ்ஞானி ரேலி பிரபு 1890இல் முறையாகச் செய்தார். அவர் பயன்படுத்திய கருவி நம் வீட்டுச் சாமியறைப் பொருள்: கற்பூரம். சுத்தமான நீரில் போட்ட கற்பூரத் துகள் நிலைகொள்ளாமல் சுழன்று ஓடும். நீர்மேல் எண்ணெய் சிறிது சிறிதாகச் சேரச் சேர ஒரு கட்டத்தில் அந்த ஆட்டம் நின்றுவிடும். அப்போது எண்ணெய்ப் படலத்தின் தடிப்பு 1.6 நானோமீற்றர் அளவில் இருப்பதை அவர் கண்டார்.

அதற்கு முன்பே இதைவிடக் கூர்மையான பரிசோதனைகள் ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில், ஒரு வீட்டுச் சமையலறையில் நடந்துகொண்டிருந்தன. அக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண்ணுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பராமரித்தபடி வீட்டு வேலை பார்த்தார். 70 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் அகலமும் 2 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட தகரத் தொட்டி ஒன்றை விளிம்பு வரை நீரால் நிரப்பினார். அதன் குறுக்கே ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலத் தகரக் கீற்றொன்றை வைத்தார். கீற்றின் அடிப்பக்கம் நீரைத் தொட்டுக்கொண்டிருந்ததால் மேற்பரப்பு இரண்டாகப் பிரிந்தது. கீற்றை நகர்த்தி ஒரு பக்கத்துப் பரப்பை விரிக்கவும் ஒடுக்கவும் அவரால் முடிந்தது. சிறிய வட்டத் தகடொன்றை நீரிலிருந்து தூக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைத் தராசில் பார்த்துப் பரப்பிழுவிசையை அளந்தார். பரப்பை ஒடுக்கிக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட எல்லைவரை பரப்பிழுவிசை மாறாது. அந்த எல்லையைத் தாண்டியதும் சட்டென்று விழும். படலத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று முட்டத் தொடங்கும் இடம் அது.

1891 ஜனவரியில் பொக்கெல்ஸ் இதையெல்லாம் ரேலிக்குக் கடிதமாக எழுதினார். ரேலி அதை மொழிபெயர்ப்பித்து 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப, மார்ச் மாதத்தில் அது அச்சேறியது. இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இருக்கும் மேற்பரப்புத் தொட்டிகள் அமெரிக்காவின் ஏர்விங் லாங்முயர் பெயரால் வழங்குகின்றன. அவற்றின் அடிப்படை அமைப்பு பிரவுன்ஷ்வைக் சமையலறையிலிருந்து வந்தது. பொக்கெல்ஸுக்கு அவ்வூர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் தந்தது 1932இல், அவரது எழுபதாவது வயதில். லாங்முயருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

லாங்முயர் 1917இல் கேட்டது வேறொரு கேள்வி: படலத்தில் மூலக்கூறுகள் படுத்திருக்கின்றனவா, நிற்கின்றனவா? காபன் சங்கிலி நீளத்தில் வேறுபட்ட பல கொழுப்பமிலங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடத்தை அளந்தார். சங்கிலி நீண்டாலும் இடம் கூடவில்லை, ஏறத்தாழ 0.2 சதுர நானோமீற்றரிலேயே நின்றது. படுத்திருந்தால் நீளமானது கூடுதல் இடம் பிடிக்க வேண்டும். ஆகவே அவை நிற்கின்றன: நீரை விரும்பும் தலை கீழே, எண்ணெய்த்தன்மையுள்ள வால் மேலே. அவரோடு பணியாற்றிய கத்தரின் புளொட்ஜெட் இந்தப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடியில் ஏற்றி, 1938இல் ஒளி தெறிக்காத கண்ணாடியை உருவாக்கினார்.

எந்தப் படலம் நீரைத் தடுக்கும்?

நீர்மேல் எண்ணெய் மிதந்தால் ஆவியாதல் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. ஒற்றை மூலக்கூற்றுப் படலங்களில் இது பாதிதான் உண்மை. அலையை அடக்கும் படலமெல்லாம் ஆவியைத் தடுப்பதில்லை. ஒலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஒலேயிக் அமிலத்தின் சங்கிலி நடுவில் வளைந்தது. அத்தகைய மூலக்கூறுகளை எவ்வளவு நெருக்கினாலும் இடைவெளி விழும்; நீர் மூலக்கூறு அதனூடாக நழுவிவிடும். நேரான சங்கிலி கொண்ட ஹெக்சாடெக்கனோல், ஒக்டாடெக்கனோல் போன்ற கொழுப்பு அற்ககோல்கள் பனங்கூடலில் நெருங்கி நிற்கும் பனைகளைப் போல நிமிர்ந்து அடர்கின்றன. நீரின் ஆவியாதலை ஒற்றை மூலக்கூற்றுப் படலம் குறைக்கும் என்பதை இங்கிலாந்தின் எரிக் ரிடியல் 1925இல் பரிசோதனையால் காட்டினார். ஹெக்சாடெக்கனோல் அபூர்வமான பொருளுமல்ல. முகப்பூச்சுகளின் உறையில் சீற்றைல் அற்ககோல் என்று அச்சிட்டிருப்பது இதுவே.

தேவைப்படும் அளவு நம்ப முடியாதபடி சிறியது. ஒரு மூலக்கூறுக்கு 0.2 சதுர நானோமீற்றர் என்றால், ஒரு சதுர மீற்றர் நீருக்கு 2 மில்லிகிராம் ஹெக்சாடெக்கனோல் போதும். ஒரு ஹெக்ரேயருக்கு 20 கிராம். ஒரு சதுர கிலோமீற்றருக்கு 2 கிலோகிராம். இந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது. மழை நாளில் வீதியில் வானவில் நிறம் காட்டும் எண்ணெய்ப் படலம் இதைவிடப் பல மடங்கு தடித்தது. நிறம் தெரிகிறதென்றால் அங்கே இருப்பது ஒற்றை மூலக்கூற்றுப் படலம் அல்ல. சுற்றிலும் சிற்றலை ஓடும்போது ஓரிடம் மட்டும் சமமாகக் கிடப்பதைக் கொண்டுதான் இதை அடையாளம் காணலாம்.

பலன் எவ்வளவு என்பதைச் சொல்ல இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நீரிலிருந்து கிளம்பும் ஆவி இரண்டு தடைகளைத் தாண்டுகிறது: முதலில் படலம், அடுத்து நீரை ஒட்டிக் கிடக்கும் அசையாத வளி. காற்றே இல்லாத நாளில் அந்த வளிதான் பெரிய தடை; படலம் அதோடு சேர்க்கும் பங்கு குறைவு. காற்று எழுந்ததும் வளித் தடை மெலியும். படலத்தின் பயன் பெருக வேண்டிய நேரம் அது. ஆனால் அதே காற்று படலத்தைத் தள்ளிக்கொண்டு போகும், அலையால் கிழிக்கும். ஆகவே படலம் நன்றாக உழைப்பது மென்காற்று வீசும் இடைப்பட்ட நிலையில் மட்டுமே.

சோளகத்தின் முன்னால்

1950களில் அவுஸ்திரேலியாவில் டபிள்யூ. டபிள்யூ. மான்ஸ்ஃபீல்ட் இந்த அறிவை நீர்த்தேக்கங்களுக்குக் கொண்டுபோனார். வறண்ட நாடுகளெல்லாம் ஆவலோடு பார்த்தன. இந்தியாவில் புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் ஏ. பி. பிஸ்வாஸ் குழுவினர் 1960களின் தொடக்கத்தில் கொழுப்பு அற்ககோல்களோடு அல்கொக்சி எதனோல்களையும் ஒப்பிட்டு, எது விரைந்து பரவும் என்பதை ஆராய்ந்தார்கள். காற்று கிழித்த இடத்தை மீண்டும் மூடப் பரவும் வேகமே முக்கியம் என்பதால் இது களத்துக்கு மிக நெருங்கிய கேள்வி. 1958இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்து ஹெஃப்னர் ஏரியில் பெரிய அளவில் செய்துபார்த்தபோது ஆவியாதல் ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்தது. ஆய்வுக்கூடத் தொட்டிகள் காட்டிய பலனின் முன்னால் இது சிறு பங்கு.

இந்த 9 சதவீதத்தை ஆனையிறவில் வைத்துப் பார்ப்போம். வறண்ட மாதங்களில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாவதாகக் கொண்டால், ஒரு சதுர கிலோமீற்றர் ஏரி தினமும் 5,000 கன மீற்றர் நீரை இழக்கும். அதில் 9 சதவீதம் 450 கன மீற்றர், அதாவது நாலரை இலட்சம் லீற்றர். குடிநீருக்கு அலையும் ஊர்களுக்கு இது சிறிய தொகை அல்ல. 2 கிலோகிராம் பொருள் இதைச் செய்துவிடும் என்றால் யார்தான் மறுப்பார்கள்?

சோளகம் மறுக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றுக்கு ஆனையிறவில் மறைப்பே கிடையாது. மேற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் திறந்த பரப்பு. நீரின் மேற்படை காற்று வேகத்தின் 3 சதவீதம் அளவில் நகரும் என்பது பொதுக் கணக்கு. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால் படலம் மணிக்கு 600 மீற்றர் நகரும். ஒரு கிலோமீற்றர் அகல ஏரியில் காலை ஊற்றிய படலம் இரண்டு மணி நேரத்துக்குள் எதிர்க்கரையில் ஒதுங்கிவிடும். காற்று வரும் கரையிலிருந்து ஓயாமல் ஊட்டிக்கொண்டிருந்தால்தான் மூடி நிற்கும். அதற்கு மேலும் காற்று வலுத்தால் அலை படலத்தை உடைத்து நீருக்குள் புதைக்கும். எஞ்சியதை நுண்ணுயிர்கள் தின்னும். கொழுப்பு அற்ககோல் அவற்றுக்கு நல்ல தீனி.

சூழல் பற்றிய கேள்வியும் உண்டு. நுளம்புக் குடம்பிகளை அழிக்கவே சில ஒற்றை மூலக்கூற்றுப் படலங்கள் விற்கப்படுகின்றன. பரப்பிழுவிசை குறைந்ததும் குடம்பிகள் மேற்பரப்பில் தொங்கி மூச்சுவிட முடியாமல் மூழ்கும். நீர்மேல் வாழும் மற்றப் பூச்சிகளையும் அது சும்மா விடாது. இந்த ஏரியின் கிழக்கில் 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளம் இருக்கிறது; அங்கே வரும் பறவைகளின் உணவுச் சங்கிலி இந்த நீரிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே, நீரை மிச்சம் பிடிக்கும் ஆசையில் ஆனையிறவு ஏரிக்குப் படலம் பரிந்துரைப்பவர் முதலில் சோளகத்துக்கும் பிறகு சுண்டிக்குளத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நல்ல பதில் இன்னும் இல்லை.

பாத்தியின் மேற்பரப்பு

ஏரியில் தோற்கும் இதே அறிவு உப்புப் பாத்தியில் வேறு வடிவில் பயன்படும். பாத்திகள் சிறியவை, ஆழம் குறைந்தவை, வரம்புகளால் தடுக்கப்பட்டவை. படலத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் இங்கே படலம் எதிரி.

கடல்நீரில் ஒரு கிலோகிராம் கறியுப்பு எடுக்க ஏறத்தாழ 37 லீற்றர் நீர் வேண்டும். அதை வற்றச்செய்ய ஆகும் வெப்பம் மின்சாரக் கணக்கில் 24 அலகுக்கு மேல். வெயில் இலவசமாகத் தருவதால்தான் உப்பு மலிவாக இருக்கிறது. கடல்நீரின் கனவளவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்வரை கறியுப்பு படியத் தொடங்காது. அதற்கு முன் ஜிப்சம் படிந்துவிடும். உப்புநீரின் செறிவைக் காட்டும் போமே மானி ஏறத்தாழ 25 பாகை காட்டும்போது உப்பு விளையத் தொடங்கும். 30 பாகையை அணுகும்போது மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை வெளியே விட்டாக வேண்டும்.

நீர் செறிவடையச் செறிவடைய ஆவியாதலே தளர்கிறது. நிரம்பிய உப்புநீருக்கு மேலே உள்ள வளியில் ஈரப்பதன் 75 சதவீதத்தில் சமநிலை அடைந்துவிடும். அதற்கு மேல் ஈரமான காற்று வீசினால், பாத்தியின் நீர் காற்றைவிடச் சூடாக இருந்தாலொழிய, ஒரு துளியும் போகாது. குளிர்ந்த இரவில் பாத்தி காற்றிலிருந்து ஈரத்தை வாங்கவும் கூடும். ஆகவே உப்பளத்தின் உண்மையான வேலைநேரம் பகலின் சில மணித்தியாலங்கள் மட்டுமே. அந்த நேரத்தில் மேற்பரப்பு மூடிக் கிடந்தால் இழப்பை இரவில் ஈடுசெய்ய வழியில்லை.

சுத்தமான உப்புநீரின் பரப்பிழுவிசை சாதாரண நீரினதை விட அதிகம். சாதாரண நீருக்கு மீற்றருக்கு 72 மில்லிநியூட்டன் அளவு. நிரம்பிய உப்புநீருக்கு 82ஐத் தாண்டும். சோடியம், குளோரைட் அயன்கள் மேற்பரப்பை விட்டு உள்ளே ஒதுங்குவதே காரணம். எண்ணெய்த்தன்மையுள்ள சேதனப் பொருட்களை உப்பு இதற்கு எதிர்ப்புறமாகத் தள்ளுகிறது: அவை உப்புநீரில் கரைந்திருக்க முடியாமல் மேற்பரப்புக்கு வருகின்றன. கொழுப்பமிலங்களாக இருந்தால் கல்சியம் அயன்கள் அவற்றைப் பிணைத்து இறுக்கமான படலமாக்குகின்றன. குளத்து நீரைவிடப் பாத்தி நீரில் படலம் எளிதாக உருவாவதற்கு இவை காரணம். பொருள் எங்கிருந்து வரும்? இறந்த பாசியிலிருந்து, நீர் இறைக்கும் இயந்திரத்தின் கசிவிலிருந்து, கைகால் கழுவிய சவர்க்காரத்திலிருந்து. ஒரு ஹெக்ரேயரை மூட 20 கிராம் போதும் என்ற கணக்கு இங்கே அச்சம் தரும் கணக்காக மாறுகிறது.

காற்று விழுந்த நண்பகலில் விளையும் பாத்தியைக் குனிந்து பார்த்தால் இந்த மேற்பரப்பின் இன்னொரு வேலை தெரியும். ஆவியாதல் மேலேதான் நடப்பதால் செறிவும் மேலேதான் உச்சத்தில் இருக்கும். முதல் படிகங்கள் அங்கேயே பூக்கின்றன. சதுரமான சிறு வெள்ளைத் தகடுகள் நீர்மேல் மிதக்கும். உப்பின் அடர்த்தி 2.16, உப்புநீரினது 1.2, மூழ்க வேண்டியதைத் தாங்கிப் பிடிப்பது பரப்பிழுவிசை. தகடு பாரம் கூடி மெல்லக் கீழிறங்க, விளிம்பில் மட்டும் புதிய உப்பு படிகிறது. அதனால் அது தலைகீழான வெற்றுக் கூம்பகமாக வளரும். விரல் பட்டாலோ சிற்றலை ஏறினாலோ நனைந்து மூழ்கிவிடும். பிறகு அடியில் கிடந்து பருமணலாகத் திரளும். காற்று நெடுநேரம் எழாவிட்டால் மிதக்கும் தகடுகள் கைகோத்து ஏடாகப் படர்ந்து நீரை மூடும். அப்போது உப்பே உப்புக்குத் தடை. ஏட்டை உடைத்துவிட்டால்தான் விளைச்சல் தொடரும்.

கண்ணுக்குத் தெரியாத படலம் இந்தப் படிகத்தின் உருவத்தையும் மாற்றவல்லது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மெயர் லஹாவ், லெஸ்லி லெய்சரோவிட்ஸ் குழுவினர் 1980களில் இதைக் காட்டினார்கள். வெறும் மேற்பரப்பில் தட்டையான கனசதுர முகத்தோடு மிதக்கும் உப்புப் படிகம், ஒற்றை மூலக்கூற்றுப் படலத்தின் கீழே வேறு முகத்தால் தொங்கியது. படலத்தின் மூலக்கூற்றை மாற்றினால் தொங்கும் முகமும் மாறியது.

உயிர்களும் இந்தக் கணக்கில் உண்டு. செறிந்த பாத்திகளைச் சிவப்பாக்கும் உப்பு விரும்பும் நுண்ணுயிர்களும் டுனாலியெல்லா பாசியும் வெயிலை உறிஞ்சி நீரைச் சூடாக்கி ஆவியாதலுக்கு உதவுகின்றன. 1951இல் எம். ஆர். புளொக்கும் சகாக்களும் உப்புநீரில் சாயம் கலந்து அடைய முயன்ற பலன் இதுவே. மறுபுறம் அபனொதீஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகினால் கொழகொழப்பான பசை சுரந்து நீரைத் தடிக்கச்செய்து உப்பின் தரத்தைக் கெடுக்கும். சிவப்பு நல்ல அறிகுறி, பசை கெட்ட அறிகுறி என்று உலக உப்பளங்கள் பலவற்றில் கண்காணிக்கிறார்கள்.

எதை முதலில் செய்யலாம்

ஏரியை மூடுவதைவிடப் பாத்தியைத் திறந்து வைப்பது எளிது, மலிவு, உடனே செய்யக்கூடியது. இயந்திர எண்ணெய் கசியாமல் பார்ப்பது, கழுவுநீரை வாய்க்காலுக்குள் விடாதிருப்பது, காற்று ஒதுக்கிச் சேர்க்கும் மூலையில் நுரையையும் பசையையும் வாரி எறிவது ஆகியவற்றுக்குப் புதிய கருவி வேண்டியதில்லை. பிராங்கிளினின் எண்ணெயைக் கரையில் ஒதுக்கிய காற்று, பாத்தியின் அழுக்கையும் ஒரே மூலைக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. ஏரியில் குறையாகத் தெரிந்தது அளத்தில் உதவியாகிறது.

இழப்பு எவ்வளவு என்று அளப்பதும் கடினமல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இதே ஏ-9 வீதியில், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. ஒரே அளவான இரண்டு ஆழமற்ற தொட்டிகளைப் பாத்தியருகில் வைக்கலாம். இரண்டிலும் ஒரே பாகையுள்ள நீர். ஒன்றின் மேற்பரப்பை மட்டும் பொக்கெல்ஸ் செய்ததுபோல் கீற்றால் அடிக்கடி துடைத்துவிட வேண்டும். நாளுக்கு நாள் நீர்மட்ட வேறுபாட்டைக் குறித்துவந்தால், ஒரு சோளகப் பருவம் முடிவதற்குள் படலத்தால் போகும் உப்பின் கணக்கு கைக்கு வந்துவிடும். வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதம் என்றால் அதை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பத்துச் சதவீதம் என்றால், புதிய பாத்தி ஒன்றும் வெட்டாமலே அளத்தின் பத்தில் ஒரு பங்கு விளைச்சலைக் கூட்டலாம். ஒக்டோபர் மழைக்கு முன் வாரி முடிக்க வேண்டிய தொழிலில் அது ஒரு பெரிய லாபம்.